வயித்துக்குப் புதினாச் சொட்டு கொடுக்குறதுக்கு முன்னாடி எரிச்சலா உப்புசமான்னு கேளுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பரோட வர்ற இணைப்புல புதினாவப் பத்தி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. வயித்துல என்ன கோளாறா இருந்தாலும் புதினாச் சத்து சேர்ந்த ஆயுர்வேதச் சொட்டு ரெண்டு துளிய சுடுதண்ணில விட்டுக் குடிச்சா போதும், சைடு எஃபெக்டே கிடையாதுன்னு இருந்துச்சு. அதப் படிச்சதுல இருந்து மனசு கெடந்து அடிச்சுக்குது. நான் டாக்டர் இல்லங்க, 31 வருஷம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன், மதுரை தேனி கம்பம் ரூட்லயே பாதி ஆயுசு போச்சு. ஆனா இந்தச் சொட்டு மருந்தால எங்க வீட்டுக்குள்ள நல்லதும் நடந்திருக்கு கெட்டதும் நடந்திருக்கு, என் கையால ஒரு பெரிய தப்பும் நடந்திருக்கு, அதான் எழுதியே தீரணும்னு உக்காந்துட்டேன். கடிதம் நீளம்தான், முடிஞ்சா வெட்டாமப் போடுங்க.

எங்க வேலையில சாப்பாடு எப்பிடின்னு மொதல்ல சொல்லணும். ராத்திரி கடைசி ட்ரிப் முடிச்சு பஸ் ஸ்டாண்டுல வண்டிய நிறுத்துறப்ப மணி பதினொண்ணரை ஆயிரும், மதுரைல அந்நேரத்துக்கும் கடைக்குப் பஞ்சமில்ல, பரோட்டாவப் பிச்சுப் போட்டு சால்னாவ ஊத்தி, கையில காசு இருந்தா கறி தோசை, குடல் குழம்புன்னு வயிறு முட்ட சாப்பிட்டுட்டு அந்த ஈரக்கையோட போய்ப் படுத்துருவோம், விடியக்காலம் நாலரைக்கு மறுபடியும் முத ட்ரிப். பகல்ல வெறும் டீயும் வடையும். இப்பிடி வருஷக்கணக்கா ஓடுனா வயிறு என்னத்துக்கு ஆகும். எங்க ஆளுக சட்டைப் பையில பேனா இருக்கோ இல்லையோ சுண்டுவிரல் தண்டிக்கு ஒரு கண்ணாடி பாட்டில் கண்டிப்பா இருக்கும், ஏப்பம் வந்தாலும் அதுதான், எரிச்சல் வந்தாலும் அதுதான், "வாயு"ங்கிற ஒத்தப் பேர வச்சுக்கிட்டு எல்லாத்துக்கும் அதுலயே ரெண்டு சொட்டு.

அந்த பாட்டில்ல இருக்குறது என்னன்னா பெப்பர்மின்ட் உப்பு, ஓம உப்பு, கற்பூரம். நாட்டு மருந்துக் கடைல மூணையும் தனித்தனியா பொட்டலம் கட்டித் தருவாய்ங்க, சம அளவு எடுத்து ஒரு பாட்டில்ல போட்டு மூடி வச்சா ஒரு சொட்டு தண்ணி விடாமலே மூணும் தானா உருகி எண்ணெயா நிக்கும், சின்னப் பயலா இருக்கும்போது எங்க அப்பத்தா அதச் செய்யுறப்ப நான் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன். ஆயுர்வேதத்துல இதுக்கு அமிர்ததாரான்னு பேரு. உப்பு உப்புன்னு சொல்றோமே தவிர பெப்பர்மின்ட் உப்பு உப்பே இல்ல, புதினா எண்ணெயக் குளிர வச்சு அதுல உறைஞ்சு வர்ற ஊசி ஊசியான கட்டி, மெந்தால்னு சொல்றது அதத்தான்.

என் அக்கா மகன் பார்மசி படிச்சவன், அவன்தான் இன்னொண்ணும் சொன்னான். "மாமா, நீங்க மார்க்கெட்ல கட்டு கட்டா வாங்கிட்டு வர்ற புதினா வேற, இந்த பாட்டில்ல இருக்குறது வேற"ன்னான். நம்ம துவையலுக்கும் பிரியாணிக்கும் போடுற புதினாவுல மெந்தால் ரொம்பக் கொஞ்சம், அதோட வாசத்துக்குக் காரணமே கார்வோன்னு வேற ஒரு பொருளாம். மெந்தால் கட்டி பெரும்பாலும் ஜப்பான் புதினாங்கிற ஒரு வகையில இருந்து எடுக்குறாங்க, உத்தரப் பிரதேசத்துல பாராபங்கி, சம்பல், ராம்பூர் பக்கம் ஏக்கர் கணக்குல நட்டு, கோடைல அறுத்து, வயக்காட்டு ஓரத்துலயே ஆவியில காய்ச்சி எண்ணெய் எடுக்குறாங்க. நிஜமான பெப்பர்மின்ட் செடி இன்னொண்ணு, அது ரெண்டு புதினா வகை தானா கலந்து வந்த ஒட்டுச் செடி, இங்கிலாந்துல கண்டுபிடிச்சு 1753-ல லின்னேயஸ்ங்கிற தாவர விஞ்ஞானி பேரு வச்சது. இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, உங்க பக்கத்துல "நம்ம முன்னோர்கள் ஆயிரக்கணக்கான வருஷமா பெப்பர்மின்ட் எடுத்துக்கிட்டாங்க"ன்னு போட்டிருந்தீங்க, பழைய ஆயுர்வேத நூல் எழுதுன சரகர் காலத்துல அந்தச் செடி நம்ம ஊர்ல ஏதுங்க. பின்னாடி வந்து நம்ம வைத்தியத்துல சேர்ந்துச்சு, சேர்ந்ததுல தப்பே இல்ல, ஆனா ரெண்டு இலையக் கிள்ளிப் போட்டுக் காய்ச்சுன தண்ணியும், ஒரு சொட்டுலயே நாக்கு மரத்துப் போற எண்ணெயும் ஒரே அளவுகோல்ல வராது.

இப்ப என் கதைக்கு வர்றேன். எனக்கு நெஞ்சுக்குழியில ஆரம்பிச்சு தொண்டை வரைக்கும் எரியும், படுத்தா இன்னும் ஜாஸ்தி, நடு ராத்திரில புளிச்ச தண்ணி வாய்க்கு வரும். சொட்டு போட்டா உடனே ஜிலுஜிலுன்னு இருக்கும், ஆஹான்னு படுப்பேன், ஒரு மணி நேரத்துல முன்னவிட மோசமா எரியும், மறுபடி ரெண்டு சொட்டு. ரெண்டு வருஷம் இப்பிடியே ஓட்டுனேன். அப்புறம் வறட்டு இருமல் வந்துச்சு, குரல் கம்மிப் போச்சு, நெஞ்சு சளின்னு நெனச்சு அதுக்கும் அதே பெப்பர்மின்ட ஆவி பிடிச்சேன். கடைசில பெரியாஸ்பத்திரில காட்டுனப்ப அங்க இருந்த டாக்டரம்மா கேட்ட மொத கேள்வியே "வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க"ன்னு தான், பையில இருந்த பாட்டில எடுத்துக் காட்டுனேன், மோந்து பாத்துட்டு "இத மொதல்ல நிறுத்துங்க, உங்க எரிச்சல வளக்குறதே இதுதான்"னு சொன்னாங்க.

அவங்க வெளக்குனத அப்பிடியே சொல்றேன். மெந்தால் தசைய இளக வைக்கும். குடலச் சுத்தி இருக்குற தசை சுருங்கணும்னா அதுக்குள்ள கால்சியம் போகணும், மெந்தால் அந்த வழிய அடைக்குது, தசை தளருது, பிடிச்சு முறுக்குற வலி விடுது. அந்த வலிக்கு இது நல்ல மருந்துதான். ஆனா உணவுக்குழாயும் இரைப்பையும் சேர்ற எடத்துல ஒரு வளையத் தசை இருக்கு, கீழ போன சாப்பாடும் அமிலமும் மேல வராம இறுக்கிப் பிடிச்சு நிக்குறது அதோட வேலை, மெந்தால் அதையும் சேர்த்து இளக்கி விட்ருது. காத்து எறங்குன பஸ் டோர் மாதிரி அது தொங்கிருச்சுன்னா உள்ள இருக்குற புளிப்பு பூராம் மேல வரத்தானே செய்யும். அப்ப ஜிலுஜிலுன்னு இருந்துச்சேன்னு கேட்டேன். அது வெறும் உணர்ச்சிதான், குளிர்ச்சிய உணர்ற நரம்ப மெந்தால் தொட்டு விடுது, சூடும் கொறையல புண்ணும் ஆறலன்னாங்க. (2021-ல மருத்துவ நோபல் வாங்குன டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டாபூட்டியனும் இந்த மெந்தால வச்சுத்தான் நரம்புல குளிர்ச்சிய உணர்ற வாசலையே கண்டுபிடிச்சாங்களாம், இதுவும் அக்கா மகன் சொன்னது.)

இங்கிலீஷ் மருந்து டாக்டர் ஆயுர்வேதத்தக் குறை சொல்லிட்டாங்கன்னு யாரும் எடுத்துக்கக் கூடாது. எனக்கே அந்தச் சந்தேகம் வந்து திருமங்கலத்துல ஒரு ஆயுர்வேத வைத்தியர்கிட்டயும் போய்க் கேட்டேன், வயசான மனுசன், நாடி பிடிச்சுப் பாத்துட்டு, எரிச்சலா, உப்புசமா, முறுக்கா, எப்ப வருது, சாப்பிட்ட உடனயா வெறும் வயித்துலயான்னு கால் மணி நேரம் கேள்வியாத்தான் கேட்டாரு. "உங்களுக்கு இருக்குறது அம்லபித்தம்ப்பா, புளிப்பு மேல ஏறி எரியுறது, புதினா உஷ்ண வீரியம், வாதம் கபத்துக்கு ஆகும், பித்தம் ஏறிக் கெடக்குறப்ப அதக் குடிக்கலாமா"ன்னு கேட்டாரு. நாக்குக்குக் குளிர்ச்சியா தெரியுற சரக்குக்கு அவங்க சாஸ்திரத்துல சூடுன்னு பேரு வச்சிருக்காங்க பாத்தீங்களா, டாக்டரம்மா சொன்னதும் இவரு சொன்னதும் கடைசில ஒரே எடத்துல வந்து நிக்குது. அவிபத்திகர சூரணம் கொடுத்தாரு, அது கொஞ்சம் கழிச்சலாப் போகும்னும் முன்கூட்டியே சொன்னாரு, அந்த நேர்மைய நான் மறக்க மாட்டேன். அத்தோட சாப்பிட்டு மூணு மணி நேரம் கழிச்சுப் படுக்குறது, கட்டில் தலமாட்டுக்குச் செங்கல் வச்சு ஒசத்துறது, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்குறது, டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மாத்திரைய ரெண்டு மாசம் விடாம சாப்பிடுறது, எல்லாம் சேர்ந்துதான் எனக்குச் சரியாச்சு.

இதோட நிறுத்துனா புதினாவ நான் வேணாம்னு சொல்ற மாதிரி ஆயிரும். அதுவும் நியாயமில்ல, ஏன்னா அதே மருந்து எங்க வீட்டம்மாவக் காப்பாத்தியிருக்கு.

அவளுக்கு எரிச்சலே கெடையாது. சாப்பிட்டு அரை மணி நேரத்துல அடிவயித்த முறுக்கும், உடனே போயாகணும், போனா கொஞ்சம் தேவலாம், காலைல மட்டும் மூணு நாலு தடவை, சாயங்காலமானா வயிறு பானை மாதிரி உப்பிக்கிட்டு மூச்சு விட முடியாது. வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு கல்யாண வீடு காது குத்துன்னு எதுக்கும் வர மாட்டா. நாங்க இருக்குறது செல்லூர், வைகை ஆறு கூப்புடு தூரம், அழகர் ஆத்துல எறங்குறதப் பாக்க எங்கெங்க இருந்தோ ஜனம் வண்டி கட்டிக்கிட்டு வருது, இவ எட்டு வருஷம் வாசல்ல நின்னு சத்தத்தக் கேட்டுக்கிட்டு மட்டும் இருந்தா, கூட்டத்துக்குள்ள போயிட்டு திடீர்னு முறுக்குனா எங்க போறதுங்கிற பயம். சாமிய நெனச்சு அவ அழுதத நான் பாத்திருக்கேன்.

அவளக் கூட்டிட்டுப் போனப்ப ரத்தம், மலம் எல்லாம் டெஸ்ட் எடுத்து, எடை கொறையுதா, மலத்துல ரத்தம் போகுதா, ராத்திரி தூக்கத்துல வலி எழுப்புதான்னு கேட்டு, வேற வியாதி ஒண்ணும் இல்லன்னு உறுதி பண்ணிக்கிட்டு, இது இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், குடலு ரொம்பக் கூச்சப்படுது, பயப்பட ஒண்ணுமில்லன்னு சொன்னாங்க. எழுதிக் கொடுத்தது என்ன தெரியுமா, பெப்பர்மின்ட் ஆயில் கேப்சூல், ஒண்ணுல 0.2 மில்லி. எனக்கு ஒரே ஆச்சரியம், என்னைய நிறுத்தச் சொன்ன அதே சரக்கு. ஆனா இது மேல ஒரு பூச்சு போட்ட கேப்சூல், இரைப்பை அமிலத்துல கரையாம சிறுகுடலுக்குப் போய்த்தான் திறக்கும், அதனால மேல இருக்குற வளையத் தசையத் தொடாது, முறுக்குற எடத்துக்கு நேரா போகும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி, கடிக்காம முழுங்கணும், கடிச்சுட்டா பூச்சு போச்சு. ஜெலுசில் டைஜீன் மாதிரி அமிலத்தக் கொறைக்கிற மருந்து கூடவே குடிக்கக் கூடாது, குடிச்சா பூச்சு இரைப்பைலயே கரைஞ்சுரும். மொத வாரம் அவளுக்குப் புதினா ஏப்பமா வந்துச்சு, வெளிய போற எடத்துல லேசா எரிஞ்சுச்சு, அதுவும் எல்லாருக்கும் வரக்கூடியதுதானாம். மூணு வாரத்துல முறுக்கு பாதியா கொறைஞ்சுச்சு. 2021-ல அமெரிக்காவுல வயித்து டாக்டருக சங்கம் போட்ட வழிகாட்டுதல்லயே இந்த வியாதிக்குப் பெப்பர்மின்ட் கொடுத்துப் பாக்கலாம்னு இருக்கு, ஆக வெறும் பாட்டி வைத்தியம்னு ஒதுக்கவும் வேணாம். போன சித்திரைக்கு ஆத்துக்குள்ள எறங்கி நின்னு அழகரப் பாத்துட்டு வந்தா அய்யா.

ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே சரக்கு. அவளுக்கு மருந்து, எனக்கு ஆகல. இத உங்க பக்கத்துல ஒரு வரி போட்டிருந்தா எத்தன பேருக்கு உதவும்.

அடுத்தது சொல்லக் கஷ்டமா இருக்கு, ஆனா சொல்லிர்றேன். ரிட்டயர் ஆகுறதுக்கு மூணு வருஷம் முன்னாடி, தேனி வண்டி, ராத்திரி நேரம், உசிலம்பட்டி தாண்டவும் என் கூட வந்த கண்டக்டர் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு இஞ்சின் பக்கத்துல வந்து உக்காந்தாரு. "வாயு பிடிச்சிருச்சு போல, பாட்டில் இருக்கா"ன்னு கேட்டாரு. நான் எடுத்துக் கொடுத்தேன். ரெண்டு சொட்ட சோடாவுல விட்டுக் குடிச்சாரு, ஜில்லுன்னு இருக்கு, தேவலாம்னாரு, நானும் நம்பி வண்டிய எடுத்துட்டேன். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது திரும்பிப் பாக்குறேன், சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு, இடது தோள்பட்டைய அமுக்கிக்கிட்டு இருக்காரு. அப்பத்தான் எனக்கு ஒறச்சுச்சு. வண்டிய வேற எங்கயும் நிறுத்தாம க.விலக்கு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கே நேரா விட்டேன், பாசஞ்சர் ஒருத்தர் கூட முகஞ்சுளிக்கல, அந்த ஜனங்களக் கும்பிடணும். ஹார்ட் அட்டாக்தான். உசுரு பொழச்சுக்கிட்டாரு, ஆனா இதயத்தோட பம்பிங் கொறைஞ்சு போய் அதுக்கப்புறம் அவரு வேலைக்கு வரல. மருந்து தொட்டவுடனே ஜில்லுன்னு ஆனதுதான் எங்க ரெண்டு பேரையும் ஏமாத்திருச்சு, முக்கா மணி நேரம் போச்சு. அவரு என்னைய ஒரு வார்த்த சொன்னதில்ல, எனக்குத்தான் இன்னும் அந்தக் கணவாய் ஏறும்போதெல்லாம் வயித்தக் கலக்கும்.

அதனால எல்லாரும் கேட்டுக்கங்க, நெஞ்சுல பாரமா அழுத்துது, வேர்த்துக் கொட்டுது, கை தோள் தாடைக்கு வலி பரவுது, மூச்சு வாங்குதுன்னா சோடாவும் வேணாம் சொட்டும் வேணாம், 108-க்குப் போன் பண்ணுங்க. சுகர் இருக்குறவங்களுக்கு வலியே தெரியாம வெறும் வயித்துப் பொருமலா கூட அது வரும்.

கைக்குழந்தைக்கு இதக் கொடுக்குறத நெனச்சாத்தான் இன்னும் பகீர்ங்குது. என் பேத்தி அஞ்சு மாசக் குழந்தையா இருக்கும்போது ராத்திரி விடாம அழுதா, பக்கத்து வீட்டுல இருந்து ஒரு பெரியம்மா நல்ல மனசோட அதே மாதிரி பாட்டில எடுத்துட்டு வந்து, அரை சொட்டு தொப்புள்ல தடவி அரை சொட்ட நாக்குல வைங்கன்னாங்க, என் மக வாங்கவும் போயிட்டா. நல்ல வேளையா அக்கா மகன் அன்னைக்கு வீட்ல இருந்தான், பாட்டில வாங்கி மூடிட்டு, சின்னப் புள்ளைக்கு மெந்தால மூக்கு வாய்ப் பக்கம் கொண்டு போனாலே மூச்சுக்குழல் இறுக்கிப் பிடிச்சுக்கும், கற்பூரம் உள்ள போனா வலிப்பு வரும், கொஞ்சமே போதும்னு சொன்னான். எங்க அப்பத்தா காலத்துல எனக்குக் கொடுத்துத்தானே வளத்தாங்கன்னு அந்தப் பெரியம்மா கேட்டாங்க. கொடுத்திருக்கலாம், தப்பிச்ச புள்ளைக நாம உக்காந்து பேசுறோம். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான்னு அங்கன்வாடில படிச்சுப் படிச்சுச் சொல்றாங்க, அதுக்குள்ள நாம எதுக்குச் சொட்டு மருந்தத் தூக்கிக்கிட்டு நிக்கணும். பித்தப்பைல கல்லு இருக்குறவங்களும் டாக்டரக் கேக்காம புதினா எண்ணெயத் தொடக் கூடாதுன்னு சொன்னான், அதையும் எழுதிர்றேன்.

இப்ப ஆசிரியர் அய்யாகிட்ட நான் கேக்குறது பெருசா ஒண்ணுமில்ல. அடுத்த தடவை இணைப்புல வைத்தியக் குறிப்பு போடும்போது யாருக்கு ஆகும்னு போடுற அதே எழுத்துல, அதே பெருசுல, யாருக்கு ஆகாதுன்னும் போடுங்க. உங்க பேப்பர டீக்கடைல பத்து பேரு படிக்கிறாய்ங்க, படிச்சவன் படிக்காதவனுக்குச் சொல்றான், ஒரு வரி எங்கெங்கயோ போகும். நாட்டு மருந்துக் கடை வச்சிருக்குற அண்ணாச்சிமாருக்கும் ஒரு வேண்டுகோள், பெப்பர்மின்ட் உப்பு கேட்டு வர்றவங்ககிட்ட எரியுதா, உப்புதா, யாருக்குன்னு மூணே கேள்வி கேட்டுட்டு பொட்டலம் கட்டுங்க, கூடுதலா ஒரு நிமிஷம்தான் ஆகும். மருந்து செய்யுறவங்க லேபிள்ல மூலிகைப் பேரெல்லாம் போடுறாங்க, 1940-ம் வருஷத்து மருந்துச் சட்டத்துக்குள்ள ஆயுர்வேத மருந்தும்தான் வருது, ஆனா எங்க ஆளுக வாங்குற பாட்டில்ல கைக்குழந்தைக்கு வேண்டாம், நெஞ்செரிச்சலுக்கு வேண்டாம்னு தமிழ்ல ஒரு வரிய நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. இருக்குற பாட்டிலே சுண்டுவிரல் தண்டிதான்னு சொல்லுவாங்க, கூட ஒரு சீட்டு வைக்க எடமில்லையா என்ன.

எங்க வீட்ல இன்னும் புதினா வாங்கத்தான் செய்யுறோம். வாரத்துல ரெண்டு நாள் துவையல், நல்லெண்ணெய் விட்டு அரைச்சு சுடுசோத்துல பெசைஞ்சு சாப்பிடுறேன், அந்த அளவு எனக்கு ஒண்ணும் பண்றதில்ல. விருந்து சாப்பிட்டு வயிறு மந்தமா இருந்தா வீட்டம்மாவுக்குப் பத்து இலையக் கொஞ்சம் சீரகத்தோட கொதிக்க வச்சு வடிகட்டிக் கொடுப்பேன், எனக்குத் தனியா சீரகத் தண்ணி மட்டும். அந்தப் பழைய பாட்டில் பூட்டுன பீரோவுல மேல் தட்டுல இருக்கு, பேத்தி கைக்கு எட்டாது.

இப்படிக்கு,
ரிட்டயர்ட் பஸ் டிரைவர் ஒருத்தர்,
செல்லூர், மதுரை.